பச்சைக் கறை

ஆவூர்,
6 மார்ச் 2025

அன்புள்ள இலக்கியாவுக்கு,

தீக்காய வார்டில் உன்னைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் மரிய செல்வி எழுதுகிறேன். குட்டையாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, காலையிலேயே எல்லாரையும் சத்தம் போட ஆரம்பித்துவிடுவேனே, அந்த சிஸ்டர்தான். பழைய கேஸ் ஷீட்டில் இருந்த போன் நம்பர் உன் வீட்டுக்காரருடையது. அடித்தால் உபயோகத்தில் இல்லை என்கிறது. விலாசம் இருந்தது, எடுத்துக்கொண்டேன். அப்படி எடுக்கக் கூடாது என்று தெரியும். வார்டில் உன்னை நீ என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது, அப்படியே எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே.

போன வாரம் கை பயிற்சிக்கு வந்திருந்தாய். பெஞ்சில் பக்கத்தில் இருந்த அம்மா உன் வலது கையைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டார். "தீயில வெந்ததுகூட ஆறிப்போச்சுக்கா. எங்க மாமியா பச்சிலையத் தடவிவிட்டு மூணு வெரல வாங்கிட்டாங்க" என்று சொன்னாய். நான் ரெஜிஸ்டரை வைத்துக்கொண்டு உன் பின்னாலேயே நின்றேன். நீ திரும்பியிருந்தால் பார்த்திருப்பாய். நான் வந்த வழியே போய்விட்டேன்.

உன் விரல் போனது பச்சிலையால் இல்லை. அது கிருமித் தொற்று. பெரிய தீக்காயத்தில் எவ்வளவு பார்த்தாலும் எங்களை மீறி வருவது உண்டு. அன்றைக்கு இருந்த நெருக்கடியில் சில விஷயங்கள் தவறாகப் பேசப்பட்டுவிட்டன. உன் மாமியார் மேல் வருத்தம் இருந்தால் அதை விட்டுவிடு என்று சொல்லத்தான் எழுதினேன்.

நேற்று சாம்பல் புதன், எங்கள் தவக்காலத்தின் முதல் நாள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொன்னேன். சொல்ல வேண்டியவர்களிடம் போய்ச் சொல் என்றார்.

கைக்குத் தேங்காய் எண்ணெய் போட்டு நீவுவதை விட்டுவிடாதே.

மரிய செல்வி


இலுப்பூர்,
14 மார்ச் 2025

சிஸ்டருக்கு,

மிச்சம் இருக்கிற இரண்டு விரலில் பேனாவைப் பிடித்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் பேச வேண்டாம். போனில் சொன்னதை நாளைக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். எழுதினால் இருக்கும்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். சில விஷயங்கள் தவறாகப் பேசப்பட்டுவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்ன, தானாகவா பேசிக்கொண்டது? நீங்கள்தானே பேசினீர்கள்? நான் மயக்கத்தில் கிடந்தேன் என்று நினைத்துவிட்டீர்களா? காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. "கொளுத்துனது பத்தாதுன்னு இப்ப அழுக வைக்கப் பாக்குறியா?" இது நீங்கள் என் அயித்தையைப் பார்த்துக் கேட்டது. வார்டே கேட்டது. என் அம்மா செவந்தி கேட்டாள். அயித்தையின் தம்பி உடையப்பன் மாமா கேட்டார். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் பால் வாங்குகிற இடத்தில்கூட அதைத்தான் பேசினார்கள்.

போன வருஷம் பொங்கலுக்கு மறுநாள் காலையில் வெந்நீர் அடுப்பில் என் நைட்டி பிடித்துக்கொண்டது. சாக்கைப் போட்டு உருட்டி அணைத்தது அயித்தைதான். அவர் முழங்கையிலும் கொப்புளம். மாஜிஸ்ட்ரேட் வந்து கேட்டபோதும் யார் மேலும் தப்பில்லை என்றுதான் சொன்னேன். அப்படிச் சொன்ன நானே பன்னிரண்டு நாள் கழித்து, சிஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன்.

அயித்தை இப்போது எங்கள் வீட்டில் இல்லை. கொடும்பாளூரில் தம்பி வீட்டில் இருக்கிறார். சவூதியில் இருக்கிற என் வீட்டுக்காரர் சிவபிரகாஷ், பெற்ற தாயின் போனை எடுத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. புது நம்பர் வாங்கியதே அதற்குத்தான்.

எனக்கு இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும். பச்சிலை இல்லை என்று எப்படித் தெரியும்? எப்போது தெரியும்? சாமியாரிடம் சொன்ன மாதிரி மெதுவாகச் சொல்லாமல் நேராகச் சொல்லுங்கள்.

இலக்கியா


ஆவூர்,
20 மார்ச் 2025

இலக்கியா,

நீ கேட்டதற்குப் பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். முதல் இரண்டையும் கிழித்துப் போட்டேன். இரண்டிலும் ஆள் பற்றாக்குறையைத்தான் அதிகம் எழுதியிருந்தேன்.

அன்றைக்கு ஜனவரி இருபத்தேழு, சனிக்கிழமை. நான் டியூட்டிக்கு வந்ததும் உன் மாமியார் வார்டு வாசலிலேயே என்னை மறித்தார். சொன்னது ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. "சிஸ்டரம்மா, புள்ள நேத்து சாயங்காலத்திலேர்ந்து சரியில்லீங்க. என்னயப் போயி அவுக ஆத்தா பேரச் சொல்லிக் கூப்புடுறா. ஒடம்பு சில்லுன்னு கெடக்கு. நேத்து வரைக்கும் ரெண்டு டம்ளர் கஞ்சி குடிச்சவ இன்னிக்கு வாயத் தொறக்க மாட்டேங்குறா. மூத்திரப் பையப் பாருங்க, நேத்து இந்நேரம் பாதிக்கு இருந்துச்சு, இப்ப அடியில கெடக்கு. கட்டுலேர்ந்து வேற ஒரு வாடை வருதுங்க, இத்தன நாளு வந்த வாடை இல்ல."

இலக்கியா, தீக்காயம் பட்டவர்களுக்குக் கிருமி ஏறுகிறதா என்று ஒரு நர்ஸ் பார்க்க வேண்டியது இவ்வளவுதான். காய்ச்சல் அடித்தால்தான் கிருமி என்பது இல்லை. பெரிய தீக்காயத்தில் உடம்பு சில்லிடுவது அதைவிட மோசம். பேச்சு குழறுவது, சாப்பாட்டை ஒதுக்குவது, சிறுநீர் குறைவது, நாடி வேகமாக ஓடுவது, கட்டின் நிறம், வாடை. இருபத்து மூன்று வருஷ சர்வீஸில் பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு நான் விரல் விட்டுச் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். எழுதப் படிக்கத் தெரியாத உன் மாமியார் பன்னிரண்டு நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்தே அதில் முக்கால்வாசியைக் கண்டுபிடித்து எனக்குச் சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏ.சி.யில கெடந்தா சில்லுன்னுதான் இருக்கும். வழிய விடுங்க."

காரணம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஆனால் இது சாக்கு இல்லை. தீக்காயம் என்று ஒரு பெண்ணைக் கொண்டுவந்தால் எங்கள் வார்டில் முதலில் மாமியார் முகத்தைத்தான் பார்ப்போம். வாயால் கேட்க மாட்டோம், கண்ணால் கேட்போம். நீ மாஜிஸ்ட்ரேட்டிடம் சொன்னதை நான் நம்பவில்லை. பயந்து சொல்கிறாய் என்று நினைத்தேன். அதனால் அவர் என்ன சொன்னாலும் எனக்கு நடிப்பாகத்தான் பட்டது.

கட்டைப் பிரித்தேன். வலது கைத் துணியில் பச்சைக் கறை. அழுக ஆரம்பித்த திராட்சை மாதிரி ஒரு தித்திப்பு வாடை. அந்த நேரம் கட்டிலுக்கு அடியில் இருந்த அவருடைய கட்டைப்பையில் என் கால் பட்டது. இருமல் மருந்து பாட்டில் ஒன்று உருண்டு வந்தது. உள்ளே பச்சைச் சாறு. கிணற்றுப்பாசான் இலை, வெட்டுக்காயத்துக்குப் பிழிந்து விடுவார்களே, அது. எனக்கு அவ்வளவு போதுமாக இருந்தது. கறையும் பச்சை, சாறும் பச்சை. அதற்குப் பிறகு நான் கத்தியது உனக்கே தெரியும்.

அவர் சொன்னது உனக்குக் கேட்டிருக்காது. "தடவலீங்க. தடவலாமான்னு ஒங்களக் கேக்கத்தான் கொண்டாந்தேன்" என்றார். பாட்டில் வாய் வரைக்கும் நிறைந்திருந்தது. மூடி மேல் சுற்றியிருந்த நூல்கூட அவிழவில்லை. அதையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் அவரை வெளியே தள்ளச் சொன்னேன்.

உன் உடம்புச் சூடு தொண்ணூற்றாறு சொச்சம் இருந்தது. டாக்டரைக் கூப்பிடவில்லை. புண்ணைக் கழுவிப் புதுக் கட்டுப் போட்டேன். உறவினர் பச்சிலை தடவியுள்ளார் என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். அதைப் படித்த டாக்டரும் கறையைச் சட்டை செய்யவில்லை. திங்கட்கிழமை நீ கண்ணைத் திறக்கவில்லை என்ற பிறகுதான் புண்ணிலிருந்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். அந்தப் பச்சை நிறத்தை உண்டாக்குவதே ஒரு கிருமி என்று புதன்கிழமை ரிப்போர்ட் வந்தது. சனிக்கிழமையே அனுப்பியிருந்தால் உன் விரல் தப்பித்திருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. தப்பித்திருக்கலாம்.

உன் இரண்டாவது கேள்விக்குப் பதில் அந்தப் புதன்கிழமைதான். ரிப்போர்ட்டைப் படித்த நிமிஷமே எனக்குத் தெரியும். கேஸ் ஷீட்டில் கடைசிப் பக்கத்தில் கோத்து வைத்தேன். அப்போது உன் மாமியார் வெளியே வேப்பமரத்தடியில்தான் இருந்தார். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நான் போகவில்லை. மெமோ வரும் என்று பயம். அதைவிட, அந்த அம்மா முகத்தைப் பார்க்க வெட்கம். பதினாலு மாதமாக அந்த வெட்கத்தோடுதான் யூனிபார்ம் போடுகிறேன்.

மரிய செல்வி


இலுப்பூர்,
29 மார்ச் 2025

சிஸ்டர்,

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா எழுந்து போய்ப் பானையைக் கழுவினாள். கழுவிய பானையையே திரும்பக் கழுவினாள்.

உங்களைத் திட்டி ஆறு பக்கம் எழுதினேன். அனுப்பவில்லை. ஏனென்றால் பாதி எழுதும்போதே நான் செய்தது ஞாபகம் வந்துவிட்டது. அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்கு அயித்தை ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நின்றார். ஒன்றரை மாதம் உள்ளே விடாமல் வைத்திருந்தீர்களே, அத்தனை நாளும் வந்து நின்றிருக்கிறார். அது எனக்கு அப்போதுதான் தெரியும். என்னை வேனில் ஏற்ற ஓடி வந்து தோளைப் பிடித்தார். "அந்தக் கையால என்னயத் தொடாதீங்க" என்றேன். அத்தனை பேர் முன்னால். கையை எடுத்துவிட்டார். வேன் கிளம்பியது. அவர் எப்படி ஊருக்கு வந்தார் என்றுகூட நான் கேட்கவில்லை.

வீட்டில் அவர் சமைத்ததைத் தொட மாட்டேன். அவர் எடுத்து வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு மொண்டு குடிப்பேன், அவர் கண் முன்னாலேயே. மருந்து போடும்போது வலித்தால் அவர் காதில் விழுகிற மாதிரி கத்துவேன். மூன்றாம் மாதம் ஒரு நாள் துணியை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு "நான் அங்கிட்டு போயி கொஞ்ச நாளு இருந்துட்டு வாரேன் ஆத்தா" என்றார். நான் சரி என்றுகூடச் சொல்லவில்லை. போன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முந்தா நாள் கொடும்பாளூர் பஸ் ஏறினேன். மூவர் கோயில் ஸ்டாப்பில் இறங்கி, ரோட்டைத் தாண்டாமல், எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன். என்ன முகத்தோடு போவது? நான் போய் மன்னிப்புக் கேட்டால், மருமகள் மனசு மாறிவிட்டாள் என்றுதான் ஊர் சொல்லும். அவர் தடவவில்லை என்று யார் சொல்வது?

நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை. கொடும்பாளூரில் உடையப்பன் மாமா வீடு. அன்றைக்கு வார்டில் நின்று கேட்ட அத்தனை பேரையும் நான் வரச் சொல்கிறேன். அவர்கள் முன்னால், அயித்தை முன்னால், அந்த அம்மா தடவவில்லை, நான்தான் கவனிக்கவில்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

இலக்கியா


ஆவூர்,
4 ஏப்ரல் 2025

அன்புள்ள இலக்கியா,

நீ கேட்பது நியாயம்தான். ஆனால் என் நிலைமையையும் கொஞ்சம் யோசித்துப் பார். என் வீட்டுக்காரர் பங்கிராஸ், "பத்துப் பேரு முன்னால ஒத்துக்கிட்டு வந்தா நாளைக்கு ஒருத்தன் வீடியோ எடுத்துப் போடுவான். ஒன் வேலையும் போகும், நம்ம மரியாதையும் போகும்" என்கிறார். ரிட்டயர் ஆக இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது. எனக்கும் பயமாக இருக்கிறது, பொய் சொல்லவில்லை. மேலும் 13 குருத்து ஞாயிறு, காலையில் கோயிலில் இருக்க வேண்டும்.

ஒன்று செய்கிறேன். எல்லாவற்றையும் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். நீயே எல்லார் முன்னாலும் படித்துக் காட்டு. எழுதினால் இருக்கும் என்று நீயே சொன்னாய்.

மரிய செல்வி


இலுப்பூர்,
9 ஏப்ரல் 2025

சிஸ்டர்,

அன்றைக்குக் கத்தினீர்களே, அது எழுதியா கொடுத்தீர்கள்?

குருத்து பிடித்துச் சுற்றி வந்த பிறகு வாருங்கள். பதினோரு மணி வரைக்கும் காத்திருப்போம். ஒருத்தரும் போனைக் கையில் எடுக்க மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. வரவில்லை என்றால் உங்களுக்கு இனிமேல் நான் எழுத மாட்டேன்.

இலக்கியா


இலுப்பூர்,
16 ஏப்ரல் 2025

அன்புள்ள சிஸ்டருக்கு,

நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நீங்கள் வர மாட்டீர்கள் என்றுதான் பந்தயம் கட்டாத குறையாக அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். பத்தே முக்காலுக்கு நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் தெரு முனையில் வண்டியை நிறுத்தியதைப் பார்த்ததும் நான் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கடைசி வரைக்கும் வண்டியை விட்டு இறங்கவில்லை. வந்தாரே, அது போதும்.

நீங்கள் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னீர்கள். ஒன்றையும் விடவில்லை. வாசலில் மறித்துச் சொன்னது, நூல் அவிழாத பாட்டில், ஜன்னல், எல்லாம். கேஸ் ஷீட்டில் எழுதியதைத் திருத்தச் சொல்லி மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், மெமோ வந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொன்னீர்கள். உடையப்பன் மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அம்மா எழுந்து போய் அயித்தை காலடியில் உட்கார்ந்துவிட்டாள். சம்பந்தி என்று கூப்பிட்டதோடு சரி. அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரருக்கும் சொன்னேன். பிறகு அயித்தையிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். "அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதார். ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது.

இதுவரைக்கும் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்கும் இருந்தது. இனி எழுதப்போவதுதான் விஷயம்.

நீங்கள் பேசும்போது அயித்தை உங்களையே பார்த்துக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு இருந்தாரே, மன்னித்துவிட்டார் என்று நினைத்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உங்கள் கையைப் பிடித்து, "வெயில்ல வந்திருக்கீங்க, மோரு குடிங்க" என்றார். நீங்கள் அழுதுகொண்டே குடித்தீர்கள்.

கூட்டமெல்லாம் கலைந்த பிறகு என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "பாவம்டி அந்த சிஸ்டரம்மா. எம்புட்டு நல்ல மனசு. எம் மேல கெடந்த பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிட்டுப் போகுது. அதுக்கு வேலைக்கு ஒண்ணும் ஆயிராதே?"

"அயித்தை, அது பழியத் தூக்கிப் போட்டுக்கல. நெசத்தச் சொல்லிட்டுப் போகுது" என்றேன். நீங்கள் கொடுத்துவிட்டுப் போன ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னுதானே காயிதத்தக் காட்டுற" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பிறகு அயித்தை சொல்ல ஆரம்பித்தார், சிஸ்டர். நீங்கள் கத்திய அன்றைக்கு விடியக்காலையில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லில் வைத்து அந்த இலையை அரைத்தாராம். "கையக் கழுவுனேன். சோப்பு இல்ல, சும்மா தண்ணியிலதான் கழுவுனேன். நகக்கண்ணுல பச்ச இருந்துச்சு. அந்தக் கையோட வந்துதான் ஒன் வாயத் தொடச்சேன், தலையக் கோதுனேன். கட்டு நழுவிக் கெடந்துச்சுன்னு இழுத்தும் விட்டேன். யாரு என்ன சொன்னா என்ன, எனக்குத் தெரியாதா?"

"அதுக்கு முந்தின நாளே ஒடம்பு சில்லுன்னு இருந்துச்சுன்னு நீங்கதானே சிஸ்டர்கிட்ட சொன்னீங்க? அப்ப இலையே இல்லையே" என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். "எல்லாத்துக்கும் முன்னாடி எனக்குல்ல தெரிஞ்சுச்சு. தப்புப் பண்ணவளுக்குத்தானே மொதல்ல தெரியும்" என்றார்.

எல்லாருக்கும் முன்னால் கண்டுபிடித்த எந்தக் கண்ணைப் பார்த்து நீங்கள் வெட்கப்பட்டீர்களோ, எதை வைத்து அவர் தப்பில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னீர்களோ, அதையே தனக்கு எதிரான சாட்சியாக வைத்திருக்கிறார். உடையப்பன் மாமா சம்சாரம் இன்னொன்றும் சொன்னார். அயித்தை அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மாவு பிசைய மாட்டாராம், யாருக்கும் சோறு போட மாட்டாராம். கைக்குழந்தையைக் கொடுத்தால் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் வாங்குவாராம். வயசானதால் வந்த கிறுக்கு என்று விட்டுவிட்டார்களாம்.

நீங்கள் கத்தியது ஒரு நாள். நான் மூன்று மாதம், தண்ணீரைக் கொட்டிக் கொட்டி, தினமும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டார்.

வீட்டுக்கு வாங்க என்று கூப்பிட்டேன். காலைப் பிடித்துக்கூடக் கேட்டேன். "வாரேன் வாரேன். ஒனக்குக் கை நல்லா ஆகட்டும்" என்கிறார். விரல் முளைக்காது என்று அவருக்குத் தெரியாதா என்ன.

ஒரு தடவை வந்து சொன்னால் முடிந்தது என்று நீங்களும் நினைத்தீர்கள், நானும் நினைத்தேன். நான் சொன்னால் பாசத்தில் சொல்கிறேன் என்கிறார். டாக்டரை அழைத்துப் போனால் யார் என்றே தெரியாது என்பார். உங்களைத்தான் அன்றைக்கு நம்பினார், எங்கள் எல்லாரையும்விட. சிஸ்டர் சொன்னது சரி என்று நம்பித்தான் இப்படி ஆகியிருக்கிறார்.

வருகிற ஞாயிறு உங்களுக்கு ஈஸ்டர் பெருநாள் என்று தெரியும். பூசை பார்த்துச் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ மூன்று மணிக்கு வாருங்கள். ஊரைக் கூட்ட மாட்டேன், நாம் மூன்று பேர்தான். அதற்கு அடுத்த ஞாயிறும் வர வேண்டியிருக்கும். நானும் கூட வருகிறேன். அவர் நம்புகிற வரைக்கும் நாம் இரண்டு பேரும் வர வேண்டும் சிஸ்டர்.

இலக்கியா